இடைநில்லா விமானமும் இறக்குவானைப் பயணியும்

விமானப் பயணம் என்பது ஒரு காலத்தில் கொழும்பு வர்த்தகர்களுக்கும் மேற்படிப்புக்காகச் சென்றவர்களுக்கும் மாத்திரமே உரிய விடயமாக இருந்தது. இன்று நிலைமை முற்றாக மாறிவிட்டது. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை எனச் சப்ரகமுவ மாகாணத்தின் எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், கட்டுநாயக்க விமான நிலையத்தைக் கண்டறிந்த ஒருவரேனும் இல்லாத லயன் வரிசையைக் காண்பது அரிது. தேயிலை மலையிலும் இறப்பர் மலையிலும் உழைத்த கைகள் குவைத்திலும் ரியாதிலும் டோஹாவிலும் வீட்டுப் பணி புரிகின்றன. வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காக 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் நாட்டை விட்டுச் சென்றனர். இத்தகையோர் அனுப்பிய பணம் 2024 இல் 650 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது.

இவ்வளவு பெரிய தொகையினரின் பயணம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பது பற்றி நாம் போதியளவு சிந்தித்ததில்லை. எங்கும் நில்லாமற் செல்லும் விமானமா, ஓரிடத்தில் இறங்கி ஏறும் விமானமா, வேறு விமானத்துக்கு மாற வேண்டிய பயணமா என்ற தெரிவைப் பயணியே செய்கின்றார் என்றுதான் பயண ஆலோசனைகள் எழுதுவோர் கருதுகின்றனர். நேரத்தையும் பணத்தையும் தராசில் வைத்துப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள் என்கின்றனர். எமது தோட்டப்புறப் பயணியின் கையில் அந்தத் தராசு இருக்கின்றதா என்பதே கேள்வி.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. பத்திரிகை விளம்பரங்களில் 'நேரடி விமானம்' என்ற தொடரை நாம் அடிக்கடி காண்கின்றோம். விமானத் துறையினரின் வழக்கில் நேரடி விமானம் என்பதும் இடைநில்லா விமானம் என்பதும் ஒன்றல்ல. இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பஸ் வண்டியைக் கொண்டு இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். எங்கும் நில்லாமல் கொழும்பு சென்று சேரும் வண்டி ஒரு வகை. அவிசாவளையில் சிறிது நேரம் நின்று, சிலரை இறக்கிச் சிலரை ஏற்றிக்கொண்டு அதே வண்டி தொடர்வது இரண்டாவது வகை. பயணி ஆசனத்தை விட்டு எழ வேண்டியதில்லை. அவிசாவளையில் பொதிகளுடன் இறங்கி வேறொரு வண்டியைத் தேடி ஏறுவது மூன்றாவது வகை. விமானத்தில் முதலாவது இடைநில்லாப் பயணம், இரண்டாவது நேரடிப் பயணம், மூன்றாவது மாறிச்செல்லும் பயணம். நேரடி விமானத்துக்கு இலக்கம் ஒன்றே. ஆனால் வழியில் அது தரையிறங்கலாம். துருக்கி விமான சேவை பல வருடங்களாக மாலைதீவின் மாலே வழியாகவே இஸ்தான்புல்லிலிருந்து கொழும்புக்கு வந்தது. 2023 ஒக்டோபர் இறுதியிலேயே அது இடைநில்லாச் சேவையாக மாறியது. அதற்கு முன்னர் அதில் பயணம் செய்தவர்கள் 'நேரடியாக' வந்தனர் என்பது உண்மை. நில்லாமல் வந்தனர் என்பது உண்மையல்ல.

இடைநில்லா என்ற சொல்லுக்கும் நிரந்தர உத்தரவாதம் கிடையாது. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் நெருக்கடி நாட்டை முடக்கியபோது, கட்டுநாயக்கவில் போதிய விமான எரிபொருள் இல்லாத காரணத்தால், நீண்டதூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு சென்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் அவ்வாறு இறங்கின. இடைநில்லாப் பயணத்துக்குப் பணம் செலுத்தியவர்களும் ஓரிடத்தில் நின்றே சென்றனர்.

மாறிச்செல்லும் பயணம் பெரும்பாலும் மலிவாக இருப்பதற்கான காரணத்தையும் கூற வேண்டும். டுபாய், டோஹா, அபுதாபி, ஷார்ஜா, பஹ்ரேன் போன்ற மையங்களைத் தளமாகக் கொண்ட நிறுவனங்கள் பல நகரங்களிலிருந்து பயணிகளைத் திரட்டி, ஓரிடத்தில் இறக்கி, மீண்டும் பல திசைகளுக்கு அனுப்புகின்றன. ஆசனம் வெறுமையாகப் பறப்பதைவிடக் குறைந்த விலைக்கு நிரம்பிப் பறப்பது அவற்றுக்கு இலாபம். இரு நகரங்களுக்கிடையே இடைநில்லாமற் பறக்கும் நிறுவனமோ, அவசரக்காரர் கூடுதலாகத் தருவார் என்பதை அறிந்து விலை வைக்கின்றது. தூரம் கூடக் கூட விலை குறையும் இந்த விந்தை பஸ் பயணத்தில் கிடையாது.

இங்குதான் எமது பயணியின் நிலை வேறுபடுகின்றது. வீட்டுப் பணிக்காகச் செல்லும் பெண்ணின் பயணச்சீட்டை வாங்குபவர் அப்பெண் அல்லர். மத்திய கிழக்கிலுள்ள எசமானரின் பணத்தில் அங்குள்ள முகவரும் இங்குள்ள முகவரும் சேர்ந்து அதனை ஏற்பாடு செய்கின்றனர். ஒப்பந்த காலம் முடிந்து திரும்பும்போதும் பயணச்சீட்டு வழங்க வேண்டியது எசமானரின் கடமையாகும். செலவு செய்பவர் மலிவானதைத் தேடுவது இயல்பு. அந்த மலிவின் விலையை மணித்தியாலங்களாகவும் அச்சமாகவும் செலுத்துபவர், பணம் கொடுக்காத அந்தப் பெண். குவைத்துக்கோ ரியாதுக்கோ கொழும்பிலிருந்து இடைநில்லா விமானங்கள் இருக்கையிலும், இடையில் ஒரு நகரத்தில் எட்டு, பத்து மணித்தியாலங்கள் காத்திருக்க வைக்கும் சீட்டு அவர் கைக்கு வருவதுண்டு. பெய்ரூட்டுக்கும் அம்மானுக்கும் செல்வோருக்கோ தெரிவே இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து அந்நகரங்களுக்கு இடைநில்லா விமானம் கிடையாது.

இரு விமானங்களுக்கிடையே காத்திருத்தல் என்பது வசதி படைத்த பயணிக்குக் கடைகளைச் சுற்றிப் பார்க்கும் பொழுது. முதன்முறையாகத் தோட்டத்தை விட்டு வெளியேறிய பெண்ணுக்கு அது வேறு. அறிவித்தல் பலகைகள் அரபியிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. நுழைவாயில் இலக்கம் சீட்டில் ஒன்றாகவும் பலகையில் வேறொன்றாகவும் மாறிவிடலாம். ஒரு முனையத்திலிருந்து மறு முனையத்துக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ செல்ல வேண்டியிருக்கலாம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அந்த விமான நிலையங்களில் ஒரு தேநீரும் ஒரு பாண் துண்டும் அத்தொகையை விழுங்கிவிடும். எனவே பலர் எதுவும் உண்ணாமலே இருந்துவிடுகின்றனர். கையில் அந்நாட்டு நாணயமும் இருப்பதில்லை. இந்த நிலையில் விமானம் தவறிவிட்டால் யாரிடம் சென்று முறையிடுவது, எந்த மொழியில் முறையிடுவது?

வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வோருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கட்டாயப் பயிற்சி வழங்குகின்றது. சலவை இயந்திரத்தை இயக்கவும், சமைக்கவும், சில அரபுச் சொற்களைப் பேசவும் கற்றுக்கொள்வது அவசியமே. அதே பயிற்சியில், பயணச்சீட்டை வாசிப்பதற்கு முழுமையாக ஒரு நாள் ஒதுக்கப்பட வேண்டும் என்பது எமது கருத்தாகும். எந்த இடத்தில் மாற வேண்டும், பொதிகள் இறுதி இடம் வரை செல்லுமா, இடையில் எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டுமா, இரண்டாவது விமானத்துக்கான நுழைவுச் சீட்டு கட்டுநாயக்கவிலேயே தரப்பட்டுள்ளதா, நேரம் எந்த நாட்டு நேரம் என்பனவற்றை ஒருவர் தாமே தம் சீட்டைக் கையில் வைத்துப் பார்த்தறியப் பழக வேண்டும். இறுதியாகச் சொன்னது அற்ப விடயமாகத் தோன்றலாம். கொழும்பு நேரத்துக்கும் டோஹா நேரத்துக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம் உண்டு. கையடக்கத் தொலைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளாதவிடத்து, அந்த வித்தியாசமே ஒருவரைக் குழப்பிவிடப் போதுமானது.

பயணத்தில் எத்தனை இடங்களில் இறங்கி ஏறுவது என்பதைவிட, எத்தனை பயணச்சீட்டுகள் என்பதே முக்கியமானது. கொழும்பிலிருந்து இறுதி இடம் வரை ஒரே பதிவில் எழுதப்பட்ட சீட்டாயின், முதலாவது விமானம் தாமதித்து இரண்டாவது தவறினாலும், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சார்ந்தது. தனித்தனியாக வாங்கிய இரு மலிவுச் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு அதனையும் 'மாறிச்செல்லும் பயணம்' என்று அழைக்கும் முகவர்கள் இருக்கின்றனர். அதில் முதலாவது நிறுவனத்துக்கு இரண்டாவது விமானம் பற்றிய கவலையே இல்லை. பயணி இடையில் குடிவரவுப் பகுதியைக் கடந்து வெளியே வந்து, பொதியை எடுத்து, மீண்டும் உள்ளே செல்ல வேண்டும். அதற்கு அந்நாட்டு விசா தேவைப்படும். ஷார்ஜாவில் இறங்கி டுபாயிலிருந்து புறப்பட வேண்டிய சீட்டும் இவ்வகையினதே. ஐரோப்பா வழியாகச் செல்வோருக்கு மற்றொரு சிக்கல் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருப்போர் ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில் வெளியே வராமல் மாறிச்செல்வதற்குக்கூட, வேறு சில நாடுகளின் விசாவோ வதிவிட அனுமதியோ இல்லாதவிடத்து, விமான நிலைய இடைமாறல் விசாவைப் பெற்றாக வேண்டும். இதனை அறியாமல் சீட்டு வாங்கியவர் கட்டுநாயக்கவிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.

ஒரே சீட்டு என்ற கருத்து எமது மக்களுக்குப் புதியதன்று. 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே பயணச்சீட்டில் ரயிலும் கப்பலும் மீண்டும் ரயிலுமாக வர முடிந்தது. எமது முன்னோர் பலர் மாறி மாறி ஏறி வந்து சேர்ந்த பயணம் அது. நூறு வருடங்களுக்கு முன்னர் ரயில் கம்பனிகள் ஏற்றுக்கொண்ட பொறுப்பை இன்றைய முகவர் தட்டிக்கழிப்பது வேடிக்கையே.

இந்தியாவிலுள்ள உறவினரிடம் செல்வோரின் கணக்கு வேறு வகையானது. 1964 ஒக்டோபரில் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சென்றவர்களில் சப்ரகமுவத் தோட்டத்தினரும் அடங்குவர். தேயிலைத் தொழிலாளர் பலர் நீலகிரியிலும், இறப்பர் பால் வெட்டிப் பழகியோரில் ஒரு பகுதியினர் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளிலும் குடியமர்த்தப்பட்டனர். இன்றும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போக்குவரத்து நடைபெறுகின்றது. கொழும்பிலிருந்து சென்னை, திருச்சி, மதுரை ஆகிய நகரங்களுக்கு இடைநில்லா விமானங்கள் உள்ளன. திருச்சிக்கு ஒரு மணித்தியாலம் வரையே செல்லும். நீலகிரிக்குச் செல்பவர் சென்னையில் மாறிக் கோயம்புத்தூருக்குப் பறப்பதா, திருச்சியில் இறங்கி பஸ்ஸில் செல்வதா என்று கேட்பதுண்டு. இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடிவரவும் சுங்கமும் முடிக்கப்பட்டு, பொதியைக் கையிலெடுத்து மீண்டும் உள்நாட்டு விமானத்துக்கு ஒப்படைக்க வேண்டும். அதற்குரிய நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், மூன்று நான்கு பேராகச் செல்லும் குடும்பத்துக்குத் திருச்சியும் பஸ்ஸுமே உசிதம். சாவு வீட்டுக்கு ஓடுபவர் மாத்திரம் வேறு முடிவெடுக்கலாம். மங்களூருக்குச் சென்று புத்தூருக்குப் போவோருக்கு மாறாமல் வழியில்லை.

மாவனெல்லை, ஹெம்மாதகம, பலாங்கொடை, இரத்தினபுரிப் பகுதிகளிலிருந்து ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் முஸ்லிம் சகோதரர்கள் இத்தெரிவை மார்க்கக் கடமையுடன் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது. ஜித்தாவுக்கு இடைநில்லாமற் செல்பவர், விமானம் மீக்காத் எல்லையைக் கடப்பதற்கு முன்னரே இஹ்ராமுக்குள் நுழைந்திருக்க வேண்டும். அதாவது வீட்டிலோ கட்டுநாயக்கவிலோ இஹ்ராம் உடையை அணிந்துகொண்டு, வானில் நிய்யத் வைக்க வேண்டும். வளைகுடா நகரமொன்றில் மாறிச் செல்பவருக்கு அங்கேயே குளித்து உடைமாற்றிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கின்றது. முதலில் மதீனாவுக்குச் செல்லும் குழுவினருக்கு இந்தச் சிரமம் இல்லை. அவர்கள் மதீனாவாசிகளின் மீக்காத்தான துல் ஹுலைபாவிலிருந்து இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம். வயது முதிர்ந்தோர் நிறைந்த குழுவை அழைத்துச் செல்லும் முகவர், சில ஆயிரம் ரூபாய்களுக்காக எட்டு மணித்தியாலக் காத்திருப்பை அவர்கள் தலையில் சுமத்துவது எவ்வகையிலும் நியாயமாகாது. மறுபுறத்தில், இடையில் தங்குவதையே நன்மையாக்கிக் கொள்வோரும் உளர். சவூதி அரேபியா 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்திய இடைத்தங்கல் விசா, அந்நாட்டு விமானத்தில் மாறிச் செல்பவருக்கு 96 மணித்தியாலங்கள் வரை தங்கி உம்ரா செய்ய இடமளித்தது. இலண்டனிலிருந்து ஊர் வரும் உறவினர் சிலருக்கு இது வாய்ப்பாயிற்று.

இரத்தினபுரியின் மாணிக்க வர்த்தகரின் தெரிவோ எளிது. பாங்கொக் சந்தைக்குக் கற்களுடன் செல்பவர் இடைநில்லா விமானத்தையே நாடுவார். பெறுமதியான பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது நாடொன்றில் இறங்கி ஏற எவரும் விரும்புவதில்லை. பணமும் அறிவும் கையில் இருக்கும்போது தெரிவும் கையில் இருக்கின்றது என்பதற்கு அவரே உதாரணம்.

நாம் இங்கு அழுத்திக் கூற விரும்புவது விமானம் தரையிறங்கும் நேரத்தையாகும். பயண ஆலோசனைகள் விமான நிலையத்துடன் முடிந்துவிடுகின்றன. தோட்டத்துப் பயணியின் பயணம் அங்கு பாதியிலேயே நிற்கின்றது. வளைகுடாவிலிருந்து வரும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பின்னரும் விடியற்காலையிலும் கட்டுநாயக்கவில் இறங்குகின்றன. இரவு ஒரு மணிக்கு இடைநில்லா விமானத்தில் வந்திறங்கும் பெண்ணுக்கு இறக்குவானைக்குப் பஸ் கிடையாது. விடியும்வரை விமான நிலையத்தில் காத்திருக்க வேண்டும். அல்லது வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்த வேண்டும். இரண்டு வருட உழைப்பின் சேமிப்புடனும் பொதிகளுடனும் தனியே நிற்கும் பெண்ணிடம் வேன்காரர் கேட்பதே விலை. ஊரிலிருந்து உறவினர் வேன் பிடித்துச் சென்றாலும் அந்தச் செலவும் அவர் தலையிலேயே விழுகின்றது. மூன்று மணித்தியாலம் கூடுதலாக எடுத்து, இடையில் ஒருமுறை மாறி, காலை எட்டு மணிக்கு இறங்கும் விமானம் அவருக்கு மேலானதாகும். 187 இலக்க பஸ்ஸில் கொழும்பு வந்து, அங்கிருந்து இரத்தினபுரி பஸ்ஸில் ஏறி, மாலைக்குள் லயனைச் சென்றடையலாம்.

கேகாலை மாவட்டத்தினருக்கு நிலைமை சற்று இலகு. கண்டி வீதியில் நிட்டம்புவ வரை வந்து, மினுவாங்கொடை வழியாகக் கொழும்பைத் தொடாமலே கட்டுநாயக்கவை அடையலாம். ஆனால் தெரணியகலை, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டைப் பகுதியினர் அவிசாவளைக்கு வந்தே ஆக வேண்டும். ஓப்பநாயக்கா வரை ஓடிய களனிவெளிப் புகையிரதம் 1970களில் அவிசாவளையுடன் நிறுத்தப்பட்ட பின்னர் இரத்தினபுரிப் பக்கத்தாருக்கு வீதியைத் தவிர வேறு கதியில்லை. மழைக்காலத்தில் அந்த வீதியும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் தடைப்படுவதை ஒவ்வொரு வருடமும் காண்கின்றோம். விமானப் பயணத்தில் மாறுவதற்கு ஒதுக்கும் நேரத்தைப் பற்றிப் பேசுவோர், தோட்டத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு உள்ள இந்த முதலாவது மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று கூறுவதில்லை. மே, ஜூன் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் புறப்படும் இறக்குவானைப் பயணி முதல் நாளே கொழும்புக்கோ நீர்கொழும்புக்கோ வந்து தங்குவது புத்திசாலித்தனமாகும்.

அண்மைக் கால நிகழ்வுகள் மற்றொன்றையும் உணர்த்தியுள்ளன. 2024 ஏப்ரல் 16 ஆம் திகதி பெய்த வரலாறு காணாத மழையால் டுபாய் விமான நிலையம் நாட்கணக்கில் நிலைகுலைந்தது. 2025 ஜூன் 23 ஆம் திகதி கட்டாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியபோது அந்நாட்டு வான்பரப்பு மூடப்பட்டது. டோஹாவில் மாறிச் செல்லவிருந்த ஆயிரக்கணக்கானோர் நடுவழியில் சிக்கினர். 2006 ஜூலையில் பெய்ரூட் விமான நிலையம் குண்டுவீச்சுக்கு இலக்கானபோது, லெபனானிலிருந்த எமது பெண்கள் தரைவழியாகச் சிரியாவுக்குச் சென்றே நாடு திரும்ப நேரிட்டது. இடைநில்லா விமானம் இத்தகைய ஆபத்துகளிலிருந்து முற்றாகக் காப்பாற்றும் என்று கூற முடியாது. ஆயினும் மாறும் இடம் ஒன்று கூடும்போது சிக்கக்கூடிய நாடும் ஒன்று கூடுகின்றது. அத்தகைய தருணத்தில் ஒரே சீட்டில் வந்தவருக்கு முறையிட ஒரு கருமபீடமாவது இருக்கின்றது. தாமதத்தால் ஏற்படும் நட்டத்துக்கு விமான நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையும், நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்ததாக நிரூபிக்கும் நிறுவனத்துக்கு விலக்களிக்கின்றது. ஆகவே சட்டத்தை நம்பியிருப்பதைவிடச் சீட்டைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

அரசாங்கம் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய காரியங்கள் உள்ளன. பணியகத்தில் பதிவு செய்யப்படும் ஒவ்வொரு ஒப்பந்தத்துடனும் பயண விபரம் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு பக்கத்தில் எழுதப்பட்டுப் பயணியின் கையொப்பம் பெறப்பட வேண்டும். அதில் மாறும் நகரம், காத்திருக்கும் நேரம், சீட்டு ஒன்றா இரண்டா, கட்டுநாயக்கவில் இறங்கும் நேரம் ஆகியன இடம்பெற வேண்டும். ஆறு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட காத்திருப்பாயின் உணவுக்கான பணத்தை முகவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். இடைநில்லா விமானம் உள்ள நகரங்களுக்கு, முதன்முறையாகச் செல்லும் பணிப்பெண்ணை மாறிச்செல்லும் சீட்டில் அனுப்புவதாயின் அதற்குரிய காரணத்தை முகவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திரும்பி வருவோரில் இன்னலுற்றோருக்காகப் பணியகம் கட்டுநாயக்கவில் 'சஹன பியச' நிலையத்தை நடத்துகின்றது. நள்ளிரவில் தனியே வந்திறங்கும் தூர இடத்துப் பெண்கள் அனைவரும் விடியும்வரை பாதுகாப்பாகத் தங்குவதற்கு அது போன்ற ஓரிடம் திறந்துவிடப்பட வேண்டும். அங்கிருந்து காலையில் அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்கு ஒரு பஸ் சேவையை நடத்துவது குறித்துச் சப்ரகமுவ மாகாண போக்குவரத்து அதிகாரிகள் ஆராய வேண்டும். தோட்டத் தொழிற்சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும், பயணச்சீட்டை வாசித்து விளக்கிச் சொல்லக்கூடிய ஓரிரு இளைஞர்களை ஊருக்கு ஊர் தயார் செய்வது கடினமானதல்ல. க.பொ.த. உயர்தரம் வரை படித்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கின்றனர்.